சேப்பாக்கம் செனட் ஹவுஸ்: பாடம் நடத்தாத பல்கலைக்கழகத்துக்கு எழுந்த மண்டபம்

"மெரினாவுக்கு எதிரே, சென்னைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நாலு மூலையிலும் கோபுரம் வைத்த ஒரு பழைய கட்டடம் இருக்கிறதே, செனட் ஹவுஸ். பார்த்தால் மசூதி மாதிரியும் இருக்கிறது, சர்ச் மாதிரியும் இருக்கிறது. அதைக் கட்டியது நவாபா, வெள்ளைக்காரர்களா? எப்போது, எதற்காகக் கட்டினார்கள்? அங்கே வகுப்புகள் நடந்தனவா?" இதுதான் கேள்வி.

கட்டியது ஆங்கிலேய அரசு. வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஸம். 1874-ல் தொடங்கி 1879-ல் முடித்தார்கள். இவ்வளவும் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். உங்கள் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி, பலருக்கும் அதைக் கேட்கத் தோன்றுவதில்லை. அது வகுப்பு நடத்துவதற்காகக் கட்டிய கட்டடமே அல்ல. காரணம், அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் பாடமே நடத்தவில்லை! பரீட்சை வைத்தது, பட்டம் கொடுத்தது. அவ்வளவுதான். கட்டடம் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது, பிற்காலத்தில் ஏன் அநாதையானது என்ற இரண்டுமே இதைப் பிடித்துக்கொண்டால் புரியும்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1839 நவம்பரில் மதராஸ் மாகாண மக்கள் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரு மனு கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் போனது. உயர்கல்விக்கு வழி செய்யுங்கள் என்பது கோரிக்கை. முன்னின்றவர் அப்போதைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். தபாலும் ரயிலும் சரியாக இல்லாத காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து என்பது சாதாரணக் காரியம் இல்லை. கையோடு கிடைத்தது ஒரு போர்டும் ஓர் உயர்நிலைப் பள்ளியும் மட்டும்தான். அந்தப் பள்ளிதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. பல்கலைக்கழகம் வருவதற்கு 1854-ல் லண்டனிலிருந்து பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 1857. சிப்பாய்க் கலகத்தில் வடக்கு பற்றி எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டில் கல்கத்தா (ஜனவரி 24), பம்பாய் (ஜூலை 18), மதராஸ் (செப்டம்பர் 5) என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் வரிசையாகச் சட்டம் வந்தது. மூன்றுக்கும் மாதிரி 1836-ல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம். அன்றைய லண்டன் பல்கலைக்கழகமும் தேர்வு நடத்தும் அமைப்புதான். ஆகவே கும்பகோணத்திலோ திருச்சியிலோ உள்ள கல்லூரி பாடம் சொல்லிக் கொடுக்கும், மாணவன் படிப்பான். கேள்வித்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, பெயர்ப் பட்டியல் போடுவது, வருடத்துக்கு ஒருநாள் அங்கி மாட்டிப் பட்டம் கொடுப்பது மட்டும் பல்கலைக்கழகத்தின் வேலை. வேந்தர் பதவி கவர்னருக்கு. முதல் துணைவேந்தர் கிறிஸ்டோபர் ராலின்ஸன், உச்ச நீதிமன்றம் என்று அன்று அழைக்கப்பட்ட மதராஸ் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. கல்வியாளர் வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தேர்வை நாணயமாக நடத்திக்கொடுக்கும் ஆள் போதும் என்று நினைத்தார்கள் போல.

முதன்முதலாக பி.ஏ. தேறியவர்கள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. தாமோதரம் பிள்ளை பிறகு ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பிடித்து வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி எல்லாம் பதிப்பித்தார். பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையில் முன்வரிசைப் பெயர் அவருடையது. ஆனால் அவர் பட்டம் வாங்கியபோது செனட் ஹவுஸ் இல்லை. சட்டம் வந்து இருபது வருடத்துக்கு மேல் பல்கலைக்கழகம் இரவல் இடங்களிலேயே காலம் தள்ளியது.

இப்படிப்பட்ட நிறுவனத்துக்கு வகுப்பறை வேண்டாம், பரிசோதனைக்கூடம் வேண்டாம், விடுதி வேண்டாம். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் ஒரு பெரிய மண்டபம் வேண்டும். ஆட்சிக்குழுவான செனட் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். பதிவாளருக்கும் அவருடைய காகிதக் கட்டுகளுக்கும் சில அறைகள் வேண்டும். செனட் ஹவுஸின் அமைப்பைப் பாருங்கள், இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நடுவில் உயரமான பெருமண்டபம், இரு பக்கமும் தூண் வரிசையோடு தாழ்வாரம், நான்கு மூலையிலும் கோபுரம்.

இங்கே மற்ற இரண்டு நகரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியம். மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே தேவை, மண்டபம். கல்கத்தா 1870-களின் தொடக்கத்தில் கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் நிறுத்திக் கட்டியது. பம்பாய்க்குப் பருத்தி வியாபாரத்தில் கொழித்த சேட்டுகள் இருந்தார்கள். கவாஸ்ஜி ஜெஹாங்கீர் பட்டமளிப்பு மண்டபத்துக்கும், பிரேம்சந்த் ராய்சந்த் ராஜாபாய் கோபுரத்துக்கும் பணம் கொடுத்தார்கள். வரைபடம் போட்டவர் லண்டனில் பேர்பெற்ற ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் இந்தியப் பக்கமே வராமல், லண்டனில் உட்கார்ந்தபடியே, கூர்முனை வளைவுகள் கொண்ட ஐரோப்பிய கோதிக் பாணியில் வரைந்து அனுப்பினார். மதராஸுக்கு அப்படிப்பட்ட கொடைவள்ளல்கள் யாரும் இந்தக் காரியத்துக்கு முன்வரவில்லை. அரசாங்கம்தான் கட்ட வேண்டும். அரசாங்கக் காரியம் எப்படி நகருமோ அப்படித்தான் நகர்ந்தது. 1864-ல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் சேர்த்து வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். கல்லூரி 1870-ல் திறந்துவிட்டது. செனட் ஹவுஸுக்கு அடித்தளம் போடவே 1874 ஆனது.

என் கருத்தில், அந்தப் பத்து வருடத் தாமதம்தான் செனட் ஹவுஸுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். போட்டியில் ஜெயித்தபோது சிஸத்துக்கு இருபத்தைந்து வயதுகூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். 1840-ல் லண்டனில் பிறந்தவர். கல்கத்தாப் பக்கம் வேலை பார்த்துவிட்டு 1865-ல் மதராஸ் வந்தார். அந்த நேரத்தில் அவர் கட்டிய மாநிலக் கல்லூரியைப் பாருங்கள். அசல் இத்தாலியச் சாயல். அதையே ரோம் நகரத்தில் கொண்டுபோய் வைத்தாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். செனட் ஹவுஸும் அப்போதே எழுந்திருந்தால் அதுவும் அந்த வகையிலேயே முடிந்திருக்கும். இடைப்பட்ட வருடங்களில் சிஸம் வேறு ஆளாக மாறிவிட்டார்.

மாற்றியவை முக்கியமாக இரண்டு வேலைகள், ஒரு கவர்னர். கவர்னர் பெயர் நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை இங்கே இருந்தார். கூவத்தின் மேல் இருக்கும் பாலத்தால் நமக்குப் பெயர் தெரியும். இந்தியாவில் கட்டும் அரசுக் கட்டடங்களுக்கு இந்தியாவின் இஸ்லாமியக் கட்டடக் கலையே பொருத்தம், வளைவும் குவிமாடமும் இந்த வெயிலுக்கும் ஏற்றவை என்று வாதாடியவர் அவர். சொன்னதோடு நிற்காமல், பாழடைந்து கிடந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் சீர்செய்ய உத்தரவிட்டார். அந்த வேலை சிஸத்தின் கைக்கு வந்தது. அந்த மகாலின் பிரமாண்டமான தூண்களையும் வளைவுகளையும் அளந்து, வரைந்து, விரிசல் அடைத்துப் பழகிய மனிதன் திரும்பவும் இத்தாலியை நகல் எடுக்க உட்காருவானா?

இரண்டாவது வேலை சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768 வாக்கில் கட்டிக்கொண்ட மாளிகை அது. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி நவாப் பட்டத்தை ரத்து செய்தது. அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அங்கே வருவாய் வாரியத்துக்காக இடம் ஒழுங்கு செய்யும் பொறுப்பு சிஸத்துக்கு. கலச மகால், ஹுமாயூன் மகால் என்ற இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் ஓர் உயரமான கோபுரத்தை எழுப்பி இரண்டையும் இணைத்தார். பழைய நவாப் கட்டடத்தோடு ஒட்ட வேண்டுமென்றால் அதன் பாஷையில்தானே பேச வேண்டும். இன்றைக்கு வாலாஜா சாலையில் போகிறவர்கள் அந்தக் கோபுரத்தையும் நவாப் கட்டியது என்றே நினைத்துக்கொண்டு போகிறார்கள். செனட் ஹவுஸை நவாபோடு சேர்த்து நீங்கள் குழம்பியதற்கும் அதுதான் காரணம். குழப்பம் நியாயமானது. பக்கத்து அரண்மனைக்கு உறவுக்காரன் மாதிரித் தெரிய வேண்டும் என்றுதான் அந்தக் கட்டடத்தையே வடிவமைத்திருக்கிறார்.

இந்திய இஸ்லாமியக் கட்டடக் கலையை ஆங்கிலேயர் தங்கள் கட்டடங்களில் கலந்த இந்தப் பாணிக்கு இந்தோ சாரசெனிக் என்று பெயர். உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் என்று சென்னையில் இந்த வகைக் கட்டடங்கள் பல உண்டு. உயர் நீதிமன்றம் திறந்தது 1892-ல். அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே செனட் ஹவுஸ் முடிந்துவிட்டது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. செனட் ஹவுஸில் சுத்த இஸ்லாமியப் பாணி இல்லை. இஸ்தான்புல் பக்கத்துப் பைசாண்டியச் சாயலை சிஸம் தாராளமாகக் கலந்திருக்கிறார். கனத்த சுவர், குட்டையான தடித்த தூண், அரைவட்ட வளைவு எல்லாம் அங்கிருந்து வந்தவை. உங்களுக்கு சர்ச் ஞாபகம் வந்தது அதனால்தான். பைசாண்டியச் சர்ச்சுகளின் குவிமாடத்தைப் பார்த்துத்தான் துருக்கியர் தங்கள் பெரிய மசூதிகளுக்குக் குவிமாடம் அமைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதால், மசூதியையும் சர்ச்சையும் ஒரே கட்டடத்தில் பார்ப்பது உங்கள் கண்ணின் குறை இல்லை.

நேரில் போனால் முதலில் தாழ்வாரத்தில் நில்லுங்கள். கிழக்கே கடல். காலை வெயில் நேராகச் சுவரில் அறையும், அதைத் தாழ்வாரம் வாங்கிக்கொள்கிறது. மேற்கே பிற்பகல் வெயில், அங்கேயும் அதே ஏற்பாடு. உள்மண்டபத்துக்கு வெயில் நேராகப் போகாது, நிழலில் தணிந்த வெளிச்சமும் காற்றும்தான் போகும். மின்விசிறி கண்டுபிடிக்காத காலத்தில், கழுத்து வரை பட்டன் போட்டு மேலே அங்கியும் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டிய கூட்டம் அது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து தூண்களின் தலைப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். கல்லில் செதுக்கு வேலை. வரைபடம் வெள்ளைக்காரர் போட்டாலும் உளி பிடித்தது நம் ஊர்க் கை. சிஸம் இந்தக் கைவினைஞர்களை வெகுவாக மதித்தவர், மதராஸ் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் 1870-களின் பிற்பகுதியில் ஏற்றார். கோபுரங்களின் உச்சியில் இருக்கும் வண்ண வேலைப்பாட்டைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் அண்ணா சதுக்கத்துக்கு முன்னால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தேடிக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடும், இறங்கி நடப்பது உத்தமம்.

கட்டடம் எழுந்த வருடங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாண வரலாற்றிலேயே மிகக் கொடியது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பிழைக்க வழி தேடி உள்மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மதராஸுக்கு நடந்து வந்தார்கள், நகரத்தைச் சுற்றி நிவாரண முகாம்கள் முளைத்தன. ஒரு நாள் முழுக்க மண் சுமந்த ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் கூலியாகப் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டது அப்போதுதான். அந்த ராத்தல் இன்றைய கணக்கில் அரைக் கிலோகூட வராது. வளாகத்துக்கு மேற்கே நகரத்தினூடே போகும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதே மூன்று வருடங்களில் இங்கே வண்ணக் கண்ணாடியும் செதுக்குத் தூணுமாக மண்டபம் உயர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தது ஒரே கவர்னர், பக்கிங்ஹாம் பிரபு. செனட் ஹவுஸின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் 1874-79 என்று ஆண்டைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சின்னக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

கடற்கரையும் அப்போது இன்றிருக்கும் கடற்கரை அல்ல. கடல் இன்னும் பக்கத்தில் இருந்தது. 1870-களின் நடுவில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகுதான், தெற்கிலிருந்து நீரோட்டம் தள்ளிக்கொண்டு வரும் மணல் அந்தச் சுவரில் முட்டி நின்று, வருடத்துக்கு வருடம் கரை அகன்றது. நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயர் வைத்த கவர்னர் கிராண்ட் டஃப் 1881-ல்தான் பதவிக்கு வருகிறார். ஆக, செனட் ஹவுஸ் மெரினாவுக்கே மூத்தது.

திறந்த பிறகு கட்டடம் செய்த வேலை, முன்னே சொன்ன வேலைதான். தேர்வு, செனட் கூட்டம், பட்டமளிப்பு. வடக்கே ஒரிசாவின் கஞ்சம் தொடங்கி மலபார் வரை, மைசூரு, திருவிதாங்கூர், ஹைதராபாத் சமஸ்தானங்களையும் சேர்த்து, தெற்கே பட்டம் என்றால் இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். மைசூரு 1916-லும், ஆந்திரா 1926-லும், அண்ணாமலை 1929-லும் தனித்தனியாகப் பல்கலைக்கழகம் கண்டன. அதற்கு முன்னால் ஒரு தலைமுறை வக்கீல், தாசில்தார், டாக்டர், வாத்தியார் எல்லோருடைய பிழைப்பும் இங்கே கையெழுத்தான காகிதத்தில் இருந்தது. 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியும் இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிதான்.

கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்த நிலையில் இருப்பது சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் சிலை. 1904-ல் துணைவேந்தர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். இவரைப் பற்றி ஒரு செய்தி. சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்தபோது 1917-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதி இந்தியாவின் நிலைமையை முறையிட்டார். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கண்டனம் கிளம்பியதும், மறுவருடம் தன் 'சர்' பட்டத்தைத் தூக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே வளாகத்தில் விக்டோரியா மகாராணியும் விதானத்துக்குக் கீழே வீற்றிருக்கிறார், 1887-ல் ஆட்சிப் பொன்விழாவுக்காக வைத்தது. பட்டம் கொடுத்த அரசியும் அதைத் திருப்பிக் கொடுத்தவரும் ஒரே வளாகத்தில்.

தேர்வை மட்டுமே தெய்வமாகக் கும்பிட்ட நிறுவனம் எப்போதெல்லாம் திணறியது என்று பார்த்தால் இரண்டு பெயர்கள் உடனே வருகின்றன. ஒன்று, ராமானுஜன். பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டவர். துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு குமாஸ்தா. 1913 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியிடமிருந்து பதில் வந்ததும் இங்கே பரபரப்பு. ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கலாம் என்றால், அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று விதி. இவரிடம் இளங்கலையே இல்லை. கணிதப் பாடக்குழுவும், நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டும் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்ற வழியில் போய், மாதம் எழுபத்தைந்து ரூபாய் என்று முடிவு செய்தார்கள். 1913 மே முதல் தேதியிலிருந்து அவர் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை. மறுவருடம் இங்கிலாந்து போக வருடம் 250 பவுன் கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம். விதியை உண்டாக்கியவர்களே அதிலிருந்து வெளியே வர ஒரு சந்தும் கண்டுபிடித்தார்கள். நம் நிர்வாகங்களில் அடிக்கடி நடக்காத காரியம்.

இன்னொருவர் உ.வே. சாமிநாதையர். கல்லூரிப் படிப்பே கிடையாது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுல முறையில் கற்றவர். கும்பகோணம் கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் வேலை பார்த்து, இந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கு எத்தனையோ பேரைத் தயார் செய்தார். அவருக்கு 1932-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். முதல் பட்டதாரி தாமோதரம் பிள்ளையும் உ.வே.சா.வும் ஒரே காலத்தில் சுவடி தேடியவர்கள். பட்டம் பெற்றவர், பெறாதவர் என்று இரு வழியாகவும் தமிழுக்கு ஆள் கிடைத்திருக்கிறது.

செனட் ஹவுஸ் செய்த வேலைகளிலேயே பலர் மறந்துபோனது 1937-ல் நடந்தது. 1935-ஆம் வருட இந்திய அரசுச் சட்டப்படி தேர்தல் நடந்து, ஜூலையில் ராஜாஜி பிரதமரானார். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள். புதிய சட்டமன்றத்தில் 215 உறுப்பினர்கள், மேலவையில் ஐம்பத்து சொச்சம் பேர். இத்தனை பேரை எங்கே உட்காரவைப்பது? பெரிய மண்டபம் எங்கே தயாராக இருக்கிறது என்று பார்த்தார்கள். 1937 ஜூலை 14 முதல் டிசம்பர் 21 வரை மதராஸ் சட்டமன்றம் கூடியது செனட் ஹவுஸில். சபாநாயகர் புலுசு சாம்பமூர்த்தி, துணை சபாநாயகர் ருக்மணி லட்சுமிபதி. எழும்பூரில் ருக்மணி பெயரில் சாலை இருக்கிறது, பழைய மார்ஷல்ஸ் ரோடு. அந்த அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அதற்கான சட்டம் விவாதிக்கப்பட்டது பட்டதாரிகளுக்குச் சான்றிதழ் கொடுத்த இந்தக் கூரைக்குக் கீழேதான். அடுத்த ஆண்டு சட்டமன்றம் இன்றைய ராஜாஜி மண்டபத்துக்குப் போனது. பிறகு கோட்டை, 1952-ல் கலைவாணர் அரங்கம் இருக்கும் இடம், மறுபடி கோட்டை, 2010-ல் ஓமந்தூரார் தோட்டம், மறுபடி கோட்டை என்று நம் சட்டமன்றம் வீடு மாற்றிய கதை தனியாகவே எழுத வேண்டிய ஒன்று.

சரி, இப்படி ஓடிக்கொண்டிருந்த கட்டடம் எப்படிக் கவனிப்பாரற்றுப் போனது? பல்கலைக்கழகம் மாறியதால். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேர்வு அலுவலகம் என்ற நிலையிலிருந்து பாடமும் ஆராய்ச்சியும் நடத்தும் நிறுவனமாக மாற்றியது. துறைகள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள். 1924-ல் நூலக அறிவியலில் பேர்பெற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகர் ஆனார். 1936-ல் நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. அதன் மணிக்கூண்டுதான் இன்று வளாகத்தின் அடையாளம் என்று சிலர் நினைக்கும் அளவுக்கு எடுப்பானது. வகுப்பறையும் நூலகமும் ஆய்வுக்கூடமும்தான் இனி பல்கலைக்கழகம் என்று ஆன பிறகு, ஒரே ஒரு பெரிய கூடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பட்டமளிப்பு விழாவாவது மிச்சம் இருந்தது. நூற்றாண்டை ஒட்டிப் புது மண்டபம் கட்டியதும் அதுவும் அங்கே போய்விட்டது. மண்டபம் சும்மா நின்றது. சும்மா நிற்கும் கட்டடத்தின் பராமரிப்புச் செலவுக்கு எந்த வருட பட்ஜெட்டில் யார் கை தூக்குவார்கள்?

கடற்கரைக் கட்டடத்துக்குச் சும்மா நிற்பது பெரிய ஆபத்து. உப்புக் காற்று சுண்ணாம்புப் பூச்சை உதிர்க்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஈரம் செங்கல்லுக்குள் இறங்கும். இதில் நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் நோயைவிட மோசம்: சிமெண்ட் பூசிவிடுவது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே வந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், உப்பு பூத்து செங்கல் பொடிப்பொடியாக உதிரும். வெளியே பார்க்கப் புதுசாகத் தெரியும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். சென்னையின் பல பழைய கட்டடங்கள் இப்படித்தான் போயின.

கல்கத்தாவின் கிரேக்கத் தூண் மண்டபத்துக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அங்கேயும் நூற்றாண்டு வந்தது, இட நெருக்கடி வந்தது. 1960-ல் அந்த செனட் ஹவுஸை இடித்து, அதே இடத்தில் நூற்றாண்டுக் கட்டடம் கட்டினார்கள். நம் செனட் ஹவுஸ் தப்பியதற்குப் பெரிய பாரம்பரிய உணர்வு காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சேப்பாக்கம் வளாகத்தில் பக்கத்திலேயே காலி இடம் இருந்தது, அதுதான் காரணம் என்று படுகிறது.

2007-ல் பல்கலைக்கழகத்துக்கு 150 வயது நிறைந்தது. அந்த விழாவை ஒட்டித்தான் செனட் ஹவுஸை முறையாகச் சீரமைத்தார்கள். சுவர், ஓவிய வேலைப்பாடு, வண்ணக் கண்ணாடி எல்லாவற்றையும் பழைய முறைப்படி மீட்கும் முயற்சி நடந்தது. இப்போது முக்கியமான நிகழ்ச்சிகளுக்கு மட்டும் திறக்கிறார்கள். இது போதாது என்பது என் எண்ணம். ஒரு கட்டடத்தை நன்றாகப் பழுது பார்த்து, பூட்டி வைத்தால், இருபது வருடம் கழித்து மறுபடி அதே பழுதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஓட்டை விழுந்த அன்றைக்கே பார்த்துச் சொல்ல உள்ளே ஆள் நடமாட்டம் வேண்டும். பக்கத்துச் சேப்பாக்கம் அரண்மனையில் அரசு அலுவலகம் நடந்துகொண்டிருந்த கலச மகால் 2012-ல் தீப்பிடித்து எரிந்ததைச் சுட்டிக்காட்டி, பயன்படுத்தினால்தான் ஆபத்து என்று சிலர் வாதாடுவார்கள். ஃபைல்களும் பழைய வயரிங்குமாக அடைத்து வைப்பது வேறு, வாரம் சில நாள் பொதுமக்களை உள்ளே விட்டு வழிகாட்டி ஒருவரோடு சுற்றிக் காட்டுவது வேறு.

உள்ளே போக முடியாவிட்டால் ஒன்று செய்யுங்கள். காமராசர் சாலையில் மாநிலக் கல்லூரி எதிரே நின்று அதைப் பாருங்கள். பிறகு வடக்கே நடந்து, வாலாஜா சாலை முனையில் சேப்பாக்கம் அரண்மனைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, செனட் ஹவுஸ் முன்னால் வாருங்கள். சிஸம் என்ற ஒரே மனிதர் சில வருடங்களில் எங்கிருந்து எங்கே வந்தார் என்பதைக் கால் மணி நேர நடையில் பார்த்துவிடலாம். இன்னும் வேண்டுமென்றால் அண்ணா சாலையில் பி.ஓர் அண்ட் சன்ஸ், ராஜாஜி சாலையில் தலைமைத் தபால் நிலையம், சென்ட்ரல் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால், திருவனந்தபுரம் போனால் நேப்பியர் மியூசியம் எல்லாம் அவர் கைவண்ணம்தான். திருவனந்தபுரத்தில் கேரளத்து ஓட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டார், அங்கே ஒரு குவிமாடம்கூட வைக்கவில்லை.